தோட்டத்திற் காணும் மூட்டுப்பூச்சிக் குஞ்சுகளை இனங்காணல்

பயிரிலே முன்பு கண்டிராத ஒரு பூச்சியைக் கண்டவுடன், "இதற்கு எந்த மருந்து தெளிக்கலாம்?" என்று வினாவுவது கமக்காரர் பலரின் வழக்கமாகும். ஆயின் முதலில் வினாவ வேண்டியது அதுவன்று. "இது எந்தப் பூச்சி? இப்பொழுது எப்பருவத்தில் உள்ளது? என்ன உண்கிறது?" என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே மருந்தைப்பற்றி எண்ணுதல் வேண்டும். விடை கண்டபின் மருந்தே வேண்டாம் என்று முடிவதும் உண்டு.

கொக்கட்டிச்சோலைப் பகுதியில் வீட்டுத்தோட்டம் செய்யும் ஓர் அம்மையார் சில காலத்திற்கு முன்னர் யாம் போத்தல் ஒன்றினுள் ஒரு முற்றிய வெண்டிக்காயை இட்டுக் கொண்டு வந்தார். காயின் வெடிப்பிலே சிவந்த நிறமுடைய சிறு பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குச் சிறகு இல்லை. "ஐயா, இது எறும்பா, வண்டின் குஞ்சா? இலையில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஆனால் போன முறை நான் எடுத்து வைத்த வெண்டி விதையில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை" என்றார் அவர். இலையைத் தின்னாத பூச்சிக்கும் முளைக்காத விதைக்கும் தொடர்பு இருக்குமோ என்று அவர் ஐயுற்றது மிகச் சரியானதே. அவர் கொண்டு வந்தவை விதையை உறிஞ்சும் மூட்டுப்பூச்சியின் குஞ்சுகள். அத்தகைய குஞ்சுகளை இனங்காணும் முறையும், அவற்றுள் நல்லன எவை, தீயன எவை எனப் பிரித்தறியும் முறையும் இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

மூட்டுப்பூச்சி வளரும் முறை

வண்ணத்துப்பூச்சி, அந்து, வண்டு ஆகியன முட்டை, புழு, கூட்டுப்புழு, நிறையுடலி என நான்கு பருவங்களைக் கடந்து வளர்வன. அவற்றின் புழுவுக்கும் நிறையுடலிக்கும் உருவத்தில் ஒற்றுமை சிறிதும் இல்லை. மூட்டுப்பூச்சி இனத்தின் வளர்ச்சியோ வேறு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தன் தாயைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். சிறகு மாத்திரம் இராது. இக்குஞ்சினை நூல்களில் அணங்கு என்று குறிப்பிடுவர். நெல்லையும் காய்கறியையும் தாக்கும் மூட்டுப்பூச்சிகளின் குஞ்சு ஐந்து முறை தோல் கழற்றி வளரும். மூன்றாந் தோலுக்குப் பின்னர் மார்பின் இருபுறத்தும் சிறகரும்புகள் தோன்றத் தொடங்கும். ஐந்தாந் தோலையும் கழற்றிய பின்னரே முழுச் சிறகுடன் பறக்கும்.

இவ்வளர்ச்சி முறையிலிருந்து கமக்காரர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, குஞ்சும் தாயும் ஒரே உணவையே உண்ணும். ஆதலால் குஞ்சு சிறிதென்று புறக்கணித்தல் ஆகாது. இரண்டாவது, குஞ்சு பறக்க மாட்டாது. பெரும்பாலும் கூட்டமாக இருக்கும். எனவே கையாலும் சுளகாலும் வாளியாலும் எளிதில் அழிக்கத்தக்க பருவம் இதுவேயாகும். சிறகு முளைத்தபின் அது அடுத்த தோட்டத்துக்குப் பறந்துவிடும். நமது வேலையும் பன்மடங்காகிவிடும்.

இது மூட்டுப்பூச்சிக் குஞ்சுதானா?

ஐயத்துக்குரிய பூச்சியைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் இட்டு, நல்ல வெளிச்சத்தில் அதன் வயிற்றுப்புறத்தை நோக்குக. கைவில்லை ஒன்று இருந்தால் மிகவும் நன்று. பின்வரும் அடையாளங்களைத் தேடிப் பார்க்கவும்.

1. கால்கள் ஆறு. எட்டுக் கால் உடையது சிலந்தி, அதனை விட்டுவிடுக. சிலந்தி கமக்காரரின் நண்பன்.

2. உணர்கொம்பு இரண்டு. ஒவ்வொன்றும் நான்கு கணுக்களை உடையது. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். மூட்டுப்பூச்சிக் குஞ்சினுடையது அவ்வாறு மடங்காது.

3. வாய். இதுவே தலையாய அடையாளம். வண்டுக்கும் எறும்புக்கும் புழுவுக்கும் கடிக்கும் தாடை உண்டு. மூட்டுப்பூச்சிக்குத் தாடை இல்லை. தலையின் கீழிருந்து ஊசிபோன்ற ஒரு குழல் புறப்பட்டு, கால்களின் நடுவே வயிற்றோடு படிந்து கிடக்கும். இதனை ஊசிவாய் எனலாம்.

4. முதுகு. சிறகு இராது, அல்லது சிறு அரும்புகளாக மாத்திரம் இருக்கும். வயிற்றின் முதுகுப்புறத்து நடுக்கோட்டில் இரண்டு அல்லது மூன்று சிறு புள்ளிகள் காணப்படும். இவை நாற்றநீர் வெளிவரும் துவாரங்கள். குஞ்சினை நசித்தால் எழும் கெட்ட நாற்றம் இங்கிருந்து வருவதே.

ஊசிவாய் உடைய பூச்சி இலையை வெட்டித் தின்ன மாட்டாது. அது தன் ஊசியைப் பயிரினுட் செலுத்தி, உமிழ்நீரைப் பாய்ச்சி, கரைந்த சத்தினை உறிஞ்சும். ஆகையினாற்றான் அம்மையாரின் வெண்டி இலையில் ஓட்டை காணப்படவில்லை. சேதம் முழுவதும் காயின் உள்ளே, விதையில் நிகழ்ந்தது. வெளியே தெரியாத சேதம் விதைக்கும் நாளிலேதான் வெளிப்படும்.

வெண்டியிற் காணும் சிவப்புக் குஞ்சு

வெண்டி, பருத்தி, செம்பரத்தை, பூவரசு, இலவு ஆகிய ஓரினத் தாவரங்களின் விதையை விரும்பி உறிஞ்சுவது செம்பருத்தி மூட்டுப்பூச்சி. விஞ்ஞானிகள் இதனைத் திசுதேர்க்கசு சிங்குலாத்தசு என்பர். பருத்தி விளையும் நாடுகளில் இது பஞ்சினைக் கறைப்படுத்திப் பெருநட்டம் விளைவிப்பதால் அங்கு இதற்குக் கறைப்பூச்சி என்னும் பொருளுடைய பெயரும் உண்டு. பருத்தி பயிரிடாத நமது பகுதியில் இது பூவரசிலும் இலவிலும் வாழ்ந்து, காலம் வாய்த்தபோது வெண்டித் தோட்டத்துக்கு வந்து சேருகிறது.

நிறையுடலி ஏறத்தாழ ஒன்றரைச் சதமீற்றர் நீளமுடையது. சிவப்பு நிறம், கழுத்தில் வெண்மையான பட்டை, ஒவ்வொரு முன்சிறகிலும் ஒரு கரும்புள்ளி. தாய் தன் முட்டைகளை ஈரமண்ணிலும் சருகின் கீழும் குவியலாக இடும். சுமார் ஒரு வாரத்திற் குஞ்சுகள் வெளிவரும். அவை முழுதும் சிவந்தவை. சற்று வளர்ந்தபின் முதுகில் வெண்புள்ளிகளும் கறுத்த சிறகரும்புகளும் தெரியும். காலையில் வெண்டிக்காயின் வெடிப்பிலும், உதிர்ந்த பூவரசங்காய்களின் மீதும் இவை நெருங்கிக் கூடியிருப்பதைக் காணலாம்.

கறிக்கெனப் பிஞ்சிலே பறிக்கும் வெண்டிக்காய்க்கு இவற்றால் வரும் கேடு அதிகமன்று. விதைக்கென முற்றவிட்ட காய்க்கே பெருங்கேடு. உறிஞ்சப்பட்ட விதை சுருங்கும், நிறம் மாறும், எடை குறையும். முளைக்கும் ஆற்றலை இழக்கும். தம் விதையைத் தாமே எடுத்து வைக்கும் குடும்பத்துக்கு இது சிறு நட்டமன்று. பாத்தி கொத்தி, எருவிட்டு, நீரூற்றி ஒரு வாரம் காத்திருந்து, பின் வெறும் மண்ணைப் பார்ப்பது போன்ற துன்பம் வேறில்லை.

எனவே விதைக்கென வெண்டி விடுவோர் பின்வருவனவற்றைச் செய்வாராக.

விதைக்காய் விடும் செடிகளைப் பூவரசு வேலிக்கு அண்மையில் வைத்தல் ஆகாது. வேலியோரத்தில் உதிர்ந்த காய்களையும் சருகையும் வாரமொருமுறை கூட்டி அப்புறப்படுத்துக. காய் காய்ந்து வெடிக்கும்வரை செடியில் விடாது, நிறம் மாறி உலரத் தொடங்கியவுடன் பறித்து நிழலில் உலர்த்துக. குஞ்சுக் கூட்டம் காணப்படின் வாளியிற் சவர்க்கார நீர் எடுத்து, காயைச் சாய்த்து அதனுள் உதறுக. இலவம் விதையையோ பருத்தி விதையையோ நசித்து நனைத்துத் தோட்ட மூலையில் வைத்தால் குஞ்சுகள் அங்கே வந்து கூடும். மறுநாட் காலையில் அவற்றை அள்ளிச் சவர்க்கார நீரில் இடலாம்.

வைத்த விதை நல்லதோ என்று அறிய வழியுண்டு. விதைப்பதற்கு முன்னர் 100 விதைகளை எண்ணி நனைத்த சாக்கினுட் பரப்பிச் சுருட்டி, ஈரம் உலராது வைத்திருந்து, ஏழெட்டு நாட்களில் முளைத்தவற்றை எண்ணுக. குறைவாக முளைத்தால் விதையின் அளவைக் கூட்டலாம், அல்லது வேறு விதை தேடலாம். பாத்தியில் அறிவதைவிடச் சாக்கில் அறிவது மேல்.

பயற்றையில் எறும்புபோன்ற குஞ்சு

பயற்றை, அவரைப் பந்தல்களிற் கறுத்த எறும்புபோன்ற சிறு பூச்சிகள் காயின்மீது திரிவதுண்டு. பலர் இவற்றை எறும்பென எண்ணி விட்டுவிடுகின்றனர். இவற்றுட் சில உண்மையான எறும்புகளே. வேறு சில இரிப்தோத்தசு என்னும் காயுறிஞ்சி மூட்டுப்பூச்சியின் குஞ்சுகள். எறும்பைக் கண்டு பறவைகளும் பிற பகைகளும் அஞ்சுவதால் அதன் உருவத்தை ஒத்திருத்தல் இக்குஞ்சுக்குப் பாதுகாப்பாக அமைந்துள்ளது.

ஊசிவாயையும் மடங்காத உணர்கொம்பையும் பார்த்து வேறுபாட்டை அறியலாம். மற்றொரு சோதனையும் உண்டு. எறும்பு இலைக்கும் கொடிக்குமாக வரிசையாக ஓடும். அசுவுணி உள்ள இடத்தை நாடிச் செல்லும். மூட்டுக்குஞ்சோ வரிசையிற் செல்லாது. காயின்மேல் அசையாது நின்று உறிஞ்சும். விரலை நீட்டினால் காயின் மறுபுறத்துக்கு நழுவி ஒளிக்கும். வளர்ந்தபின் இது ஒடுங்கிய கபில நிறப் பூச்சியாகும், பின்தொடை பருத்திருக்கும், குளவிபோல் விரைந்து பறக்கும். இது உறிஞ்சிய பயற்றங்காயில் மணி பற்றாது. காய் ஆங்காங்கே ஒடுங்கி வளையும்.

இதே பந்தலிற் கறுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு வட்டமான குஞ்சுகள் கூட்டமாக இருப்பின், அவை பச்சை மூட்டுப்பூச்சியின் குஞ்சுகள். இவற்றின் முட்டைகள் இலையின் கீழ்ப்புறத்தில் சிறு பீப்பாய்கள்போல் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். முட்டைக் கூட்டத்தோடு அவ்விலையைக் கிள்ளி அழித்தால் ஒரே கிள்ளலில் ஒரு குடும்பமே ஒழியும்.

கச்சான் குவியலிற் காணும் குஞ்சு

மணற்பாங்கான நிலங்களிற் கச்சான் செய்வோர், பிடுங்கிக் குவித்த கொடியின் கீழ் வேகமாக ஓடி ஒளிக்கும் சிறு பூச்சிகளைக் கண்டால் கவனித்தல் வேண்டும். இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் கச்சானுக்கும் எள்ளுக்கும் பெருங்கேடு செய்வது எலாசுமொலோமசு என்னும் விதைமூட்டுப்பூச்சி. இதன் இளங்குஞ்சின் வயிறு செந்நிறமானது. வளருந்தோறும் உடல் கருமையடையும். நிறையுடலி கருங்கபில நிறமும் ஏறத்தாழ ஒரு சதமீற்றர் நீளமும் உடையது. இது கோதினூடாக ஊசியைச் செலுத்திப் பருப்பை உறிஞ்சும். பருப்பு சுருங்கும், எண்ணெய் கெட்டுக் காறற் சுவை உண்டாகும். இதனைத் தடுக்க, பிடுங்கிய கச்சானை நிலத்தில் நாட்கணக்காகக் குவித்து வையாது, விரிப்பின்மீது பரப்பி விரைவில் உலர்த்தி, கோதினை ஆய்ந்து எடுத்துச் சுத்தமான சாக்கில் இடுதல் வேண்டும்.

நெல்லிற் காணும் பச்சைக் குஞ்சு

தோட்டத்து மூட்டுப்பூச்சியை அறிந்தவர் வயலிலுள்ள அதன் உறவினனையும் எளிதில் அறிவர். படுவான்கரை வயல்களில் நெல் மூட்டுப்பூச்சியை அறியாதார் இலர். விஞ்ஞானிகள் இதனை இலெப்தொகொரைசா ஒரத்தோரியசு என்பர். வயலிலே நடந்தால் எழும் நாற்றமே இதன் வருகையை அறிவிக்கும். ஆனால் நாற்றம் எழுவதற்கு முன்னரே வயலில் இருப்பவை இதன் முட்டையும் குஞ்சும். அவற்றை அறிந்தோர் சிலரே.

முட்டைகள் செங்கபில நிறமுடையவை; பளபளப்பானவை. நெல்லிலையின் மேற்புறத்தில் நடுநரம்பை ஒட்டி, 10 முதல் 20 வரை, ஒன்று முதல் மூன்று வரிசைகளில் இடப்படும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை பொரிக்கும். குஞ்சு வெளிறிய பச்சை நிறமும் மெல்லிய நீண்ட உடலும் உடலினும் நீளமாகத் தோன்றும் உணர்கொம்பும் உடையது. இலையின் நிறத்தோடு ஒன்றிக் கிடப்பதால் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. குனிந்து பார்ப்பவருக்கே படும். மூன்று வாரம் வரையிற் குஞ்சாக இருந்து, பின்னர் ஒன்றரை முதல் இரண்டு சதமீற்றர் வரை நீளமான கபிலப் பூச்சியாகும்.

கதிர் பூத்தது முதல் மணி பால் பிடித்து இறுகும் வரையுள்ள நாட்களே ஆபத்தான நாட்கள். குஞ்சும் தாயும் உமியின் இரு ஓடுகளுக்கும் இடையே ஊசியைச் செலுத்திப் பாலை உறிஞ்சும். பாற்பருவத்தின் தொடக்கத்தில் உறிஞ்சப்பட்டால் மணி சப்பியாகும். சற்றுப் பிந்தி உறிஞ்சப்பட்டால் மணி புள்ளிபட்டுக் கறுத்து, குற்றும்போது நொறுங்கும். விதை நெல்லாயின் முளைப்பும் குறையும். களத்திலே தூற்றும்போது காற்றோடு போகும் சப்பியின் ஒரு பங்கு இப்பூச்சி உண்ட சோறாகும்.

இது காலையிலும் மாலையிலும் கதிரில் இருந்து உண்ணும். வெயில் ஏறியதும் பயிரின் அடியில் இறங்கி மறையும். ஆதலால் நண்பகலில் வரம்பில் நின்று பார்த்துப் "பூச்சி இல்லை" என்று தீர்மானித்தல் தவறு. காலை ஒன்பது மணிக்கு முன்னர் வயலில் இறங்கி, குறுக்காக நடந்து, பல இடங்களில் மொத்தம் 100 கதிர்களைப் பார்த்து, குஞ்சுகளையும் நிறையுடலிகளையும் எண்ணுக. பூக்கும் பருவத்தில் 100 கதிருக்கு 5 பூச்சிகளும், பாற்பருவத்திலிருந்து மணி முற்றும் வரை 100 கதிருக்கு 16 பூச்சிகளும் இருந்தால் அதுவே நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவெனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ளது. அதற்குக் குறைந்திருப்பின் மருந்துக்குச் செலவிடும் பணம் விளைவில் திரும்பி வராது.

இப்பூச்சி நெல் பூப்பதற்கு முன்னர் நெற்சப்பி, கோழிச்சூடன் முதலிய புற்களில் வாழ்ந்து பெருகும். வரம்பும் வாய்க்காலும் புல்லேறிக் கிடந்தால் அவ்வயல் பூச்சிக்குத் தானே விடுதி கட்டிக் கொடுத்ததாகும். அன்றியும், ஒரு வட்டையில் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால், பூச்சி முந்திய வயலிற் பெருகிப் பிந்திய வயலில் வந்து விழும். பிந்தி விதைத்தவரே பெரிதும் இழப்பர். ஆகவே பருவ ஆரம்பக் கூட்டத்திலே தீர்மானிக்கும் விதைப்பு நாளையும் நெல்லின் வயதையும் அனைவரும் ஒத்துக் கைக்கொள்ளுதல் பூச்சித் தடுப்பு முறைகளுள் முதன்மையானது. இதற்குச் செலவு இல்லை, ஒற்றுமையே வேண்டும்.

குஞ்சு மிகுந்த இடங்களில் வலையால் வீசிப் பிடிக்கலாம். சுளகில் பலாப்பால் பூசிக் கதிரின்மேல் இழுத்துச் செல்லும் பழைய முறையும் சிறு வயல்களுக்குப் பயனுள்ளதே. சிறகு முளையாத குஞ்சுகள் அதில் நன்கு ஒட்டும்.

கொல்லத் தகாத குஞ்சுகள்

இப்பொழுது மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். ஊசிவாய் உடையன யாவும் பயிருக்குப் பகையல்ல. ஊசியை விதையிற் செலுத்தாது புழுவிலும் முட்டையிலும் செலுத்துவனவும் உண்டு. அவற்றின் குஞ்சுகளும் சிறகற்றவை. அவற்றுட் சில சிவப்பும் கறுப்புமானவை. நிறத்தை மாத்திரம் நம்பிக் கொல்பவர் தம் காவலாளரையே கொல்லக்கூடும்.

இத்தவற்றை நானே செய்துள்ளேன். போதனாசிரியராக வேலைக்கு வந்த தொடக்கத்தில், முதியவர் ஒருவரின் கத்தரித் தோட்டத்திற் செங்கருநிறக் குஞ்சுகள் சிலவற்றைக் கண்டு, போத்தலில் இட்டுப் பாராமலே மருந்து தெளிக்கும்படி கூறினேன். குஞ்சுகள் மடிந்தன. இரு வாரங்கழித்துச் சென்றபோது இலைதின்னிப் புழுக்களால் கத்தரி சல்லடையாகிக் கிடந்தது. செத்துலர்ந்த குஞ்சொன்றைக் கைவில்லையில் வைத்துப் பார்த்தேன். ஊசிவாய் குறுகி, வாளைப்போல் வளைந்திருந்தது. அது புழுக்களைக் கொன்றுண்ணும் இரைகௌவி மூட்டுப்பூச்சி. அம்முதியவர் சினக்கவில்லை. "தம்பி, திருடனைப் பிடிக்கப் போய்க் காவற்காரனை அடித்துவிட்டோம். இனிப் பார்த்து அடிப்போம்" என்று மாத்திரம் கூறினார். அச்சொல்லே இத்துண்டுப்பிரசுரம் எழுதக் காரணமாயிற்று.

நல்ல குஞ்சினை அறியும் வழிகள் வருமாறு.

ஊசிவாயைப் பார்க்கவும். விதையுறிஞ்சியின் ஊசிவாய் நீண்டு, நேராக, வயிற்றோடு படிந்திருக்கும். இரைகௌவியினுடையது குறுகித் தடித்து, வில்போல் வளைந்து, தலையின் கீழ் அடங்கும்.

தலையைப் பார்க்கவும். இரைகௌவியின் தலை ஒடுங்கி நீண்டு, கண்ணுக்குப் பின்னாற் கழுத்துப்போற் சுருங்கியிருக்கும்.

கூட்டத்தைப் பார்க்கவும். விதையுறிஞ்சிக் குஞ்சுகள் காயிலும் விதையிலும் கூட்டமாக இருக்கும். இரைகௌவிக் குஞ்சு வளர்ந்தபின் பெரும்பாலும் தனித்து, இலையின்மேல் மெல்ல நடந்து இரை தேடும்.

உணவைப் பார்க்கவும். சிறிது நேரம் பொறுத்திருந்து நோக்கினால் ஊசி எங்கே செல்கிறதென்று தெரிந்துவிடும். ஊசியின் நுனியில் ஒரு புழு தொங்குமாயின் வேறு சான்று வேண்டியதில்லை.

இரைகௌவியை வெறுங்கையாற் பிடித்தல் ஆகாது. அது குத்தினால் கடுமையாக வலிக்கும். நிலத்தில் விரைந்தோடும், அரிசி மணியிலும் சிறிய, பக்கங்களிற் பிதுங்கிய பெருங்கண்களையுடைய மூட்டுப்பூச்சியொன்றும் உண்டு. சியோகோரிசு எனப்படும் இது விதைமூட்டுப்பூச்சிகளுக்கு உறவினதாயினும் அசுவுணி, வெண்ணீ, சிற்றுண்ணி, பூச்சி முட்டை ஆகியவற்றை உண்டு நமக்கு உதவுவது. அந்திலோக்கசு என்னும் மற்றொரு சிவப்பு மூட்டுப்பூச்சி செம்பருத்தி மூட்டுப்பூச்சியைப் பெரிதும் ஒத்ததாயினும் அதனையே பிடித்து உண்ணும். சிவப்புக் கூட்டத்தின் நடுவே ஒன்று பெரிதாக இருந்து மற்றொன்றைக் குத்திப் பிடித்திருக்கக் கண்டால் அதனைத் தனியே எடுத்து விட்டுவிடுக.

வயலிலும் இவ்வாறே. சிலந்தியும் தும்பியும் நெல் மூட்டுப்பூச்சியைப் பிடிக்கின்றன. புல்வெளி வெட்டுக்கிளியொன்று அதன் முட்டையைத் தின்கிறது. கண்ணுக்கெட்டாத சிறு குளவிகள் அம்முட்டையினுட் தம் முட்டையை இட்டு அதனை அழிக்கின்றன. காலம் பாராது தெளிக்கும் மருந்து இவையனைத்தையும் முதலில் ஒழித்துவிடும்.

மருந்தைப் பற்றி

ஒரு காலத்தில் டீ.டீ.ரீ. போன்ற மருந்துகள் எல்லாப் பூச்சிக்கும் ஏற்றவையென்று கருதப்பட்டன. அவற்றின் தீமை உணரப்பட்டபின் 1976 ஆம் ஆண்டில் இலங்கையில் டீ.டீ.ரீ. பயிருக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட மருந்துகளையே விற்கலாம். 2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை, பீடைகொல்லி ஆகியவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டுச் சில மாதங்களின் பின் அத்தடை நீக்கப்பட்டதையும் யாவரும் அறிவர். மருந்துப் போத்தல் எந்நாளும் கடையில் இருக்கும் என்று நம்பியிருக்க இயலாது என்பதை அவ்வாண்டு காட்டியது. தன் பயிரின் பூச்சியைத் தானே அறிந்த கமக்காரர் அத்தகைய காலத்திலும் கையற்று நிற்கமாட்டார்.

மருந்து இன்றியமையாததெனத் தோன்றின், பூச்சியைப் போத்தலில் இட்டு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, இப்பொழுது அனுமதிக்கப்பட்ட மருந்தையும் அளவையும் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களையும் கேட்டறிந்தே தெளிக்கவும். கொண்டுவர இயலாதோர் 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தில் வினவலாம். தெளிப்பதாயின் மாலையிலேயே தெளிக்கவும். காய்கறிக்குத் தெளித்த மருந்து நம் பிள்ளைகளின் உணவிலே சேரும் என்பதை மறத்தலாகாது.

பூச்சியைக் கொண்டுவரும் முறை

நசிந்த பூச்சியைக் கொண்டு இனங்காணல் அரிது. மூன்று அல்லது நான்கு குஞ்சுகளையும், கிடைக்குமாயின் சிறகுள்ள ஒன்றையும், அவை இருந்த காய் அல்லது கதிரோடு போத்தலில் இடுக. மூடியில் ஊசியாற் சில துளைகள் இடுக. எந்தப் பயிர், எந்தப் பகுதியில் இருந்தது, எத்தனை இருந்தன, எந்நாள் கண்டீர் என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உடன் வைக்கவும். குஞ்சை மாத்திரம் கொண்டு இனத்தைத் துணிய இயலாதபோது, போத்தலிலேயே புதிய காயிட்டு வளர்த்துச் சிறகு முளைத்தபின் பார்ப்பது நல்ல வழி. இதனைப் பாடசாலைப் பிள்ளைகளும் ஆர்வத்தோடு செய்வர்.

சுருக்கம்

1. சிறகற்று, ஆறு கால்களும் ஊசிவாயும் உடையது மூட்டுப்பூச்சிக் குஞ்சு.

2. ஊசிவாய் நீண்டு நேராயின் பெரும்பாலும் பயிரை உறிஞ்சுவது. குறுகி வளைந்ததாயின் புழுவைக் கொல்வது.

3. காயிலும் விதையிலும் கூட்டமாக இருப்பது பகை. இலைமேல் தனித்து இரை தேடுவது நட்பு.

4. பகைக் குஞ்சினைச் சிறகு முளைக்கு முன்னரே சவர்க்கார நீராலும் வலையாலும் அழிக்கவும்.

5. வரம்பின் புல்லையும் வேலியோரச் சருகையும் நீக்குக. வட்டை முழுவதும் ஒருங்கே விதைக்கவும்.

6. எண்ணிப் பாராது மருந்து தெளிக்க வேண்டாம்.

வெண்டிக்காயைப் போத்தலிற் கொண்டு வந்த அம்மையார் இம்முறைகளைக் கைக்கொண்டு, வேலியோரத்தைக் கூட்டி, அடுத்த முறை விதைக்காயைக் காலத்தோடு பறித்து உலர்த்தினார். சாக்கில் இட்டுச் சோதித்த விதையுட் பெரும்பாலானவை முளைத்தன. அவர் மருந்துக்கென ஒரு சதமும் செலவிடவில்லை. கமக்காரர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்திற் காணும் குஞ்சினை அடிக்கக் கை ஓங்குமுன் ஒரு கணம் குனிந்து அதன் ஊசிவாயை நோக்குவாராயின், விதையும் காக்கப்படும், காவலும் காக்கப்படும்.